தரவுப் பிணைப்பு

தரவுப் பிணைப்பு என்பது மேசைக்கணினிச் செயலியின் உரைப்பெட்டியையும் நிரலுக்குள் இருக்கும் ஒரு மதிப்பையும் இணைத்து, ஒன்று மாறினால் மற்றதும் தானாக மாறும்படி செய்யும் முறை. நிரலாளர்கள் பேச்சில் ‘டேட்டா பைண்டிங்’ என்பார்கள். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு பெட்டிக்கும் மதிப்பை உள்ளே இட ஒரு வரி, தட்டச்சு செய்ததைத் திரும்ப எடுக்க ஒரு வரி என்று எழுத வேண்டும். ஒரு வரி விட்டுப்போனாலும் திரையில் ஒரு பெயரும் தரவுத்தளத்தில் வேறொரு பெயரும் நிற்கும்.

1993இல் வந்த விஷுவல் பேசிக் 3, தரவுத்தளப் புலத்தைப் பெட்டியோடு நேரடியாக இணைக்கும் வசதியைத் தந்தது. இதுபோன்ற வசதியோடு டெல்ஃபி 1995இலும், ஆப்பிளின் கோக்கோ பைண்டிங்ஸ் 2003இலும் வந்தன. 2006இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டபிள்யூபிஎஃப், பிணைப்பைத் திரை வடிவமைப்பின் மையத்திலேயே வைத்தது.

பிணைப்பு ஒருவழியாகவோ இருவழியாகவோ அமையலாம். நிரலில் மாறிய மதிப்பு திரைக்கு வர, மாற்றத்தை நிரல் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு இல்லையென்றால் பெட்டி பழைய மதிப்பையே காட்டும். எதிர்த்திசையில் முக்கியமான கேள்வி, தட்டச்சு செய்தது எப்போது நிரலுக்குப் போக வேண்டும் என்பது. டபிள்யூபிஎஃப் உரைப்பெட்டி, வேறெதுவும் சொல்லாவிட்டால், பயனர் அடுத்த பெட்டிக்குப் போன பிறகே மதிப்பை அனுப்பும். ஆகவே பெட்டிக்குள் இருந்தபடியே குறுக்குவிசையால் சேமித்தால் கடைசித் திருத்தம் பதிவாகாமல் போகலாம்.

ஒவ்வொரு விசைக்கும் அனுப்பும்படி மாற்றினால் இது தீரும். தமிழில் அதற்கும் ஒரு விலை உண்டு. தமிழ்99 விசைப்பலகையில் ‘கோ’ எழுத முதலில் ‘க’, பிறகு ‘ஓ’ தட்ட வேண்டும். நிரலுக்கு முதலில் போவது வெறும் ‘க’. நிரல் அதைச் சரிபார்த்துத் திருத்தி உடனே பெட்டிக்குத் திருப்பினால், செருகுகுறி இடம்மாறி எழுத்துக்கோவை குலையக்கூடும். பெயர்ப் பெட்டிக்குப் பயனர் வெளியேறும்வரை காத்திருப்பதே நல்லது. சேமிக்கும் கட்டளையின்போது மட்டும் பிணைப்பை நிரலே புதுப்பித்துக்கொள்ளலாம்.

பெட்டி எத்தனை குறியீட்டை ஏற்கும் என்ற நீள வரம்பு இன்னும் கொடியது. ‘முத்துலட்சுமி’ நம் கணக்கில் 7 எழுத்து. ஒருங்குறியில் 13 குறியீடு. பெட்டியின் வரம்பு 10 என்றால் ‘முத்துலட்ச’ என்பதோடு பெயர் அறுந்துவிடும், பிணைப்பும் அந்த அறுந்த பெயரையே நிரலுக்குக் கொண்டுபோகும். ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்து அமைத்த வரம்பைத் தமிழ்ப் பெட்டிக்கு அப்படியே விடுவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

பெயர்களை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், இரட்டைக்கொம்பு, கால் என்ற இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நேரடி ஒப்பீட்டில் வேறுவேறு. மதிப்பை ஏற்கும் இடத்திலேயே இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால், ஒரே ஆள் தேடலில் இரண்டு பேராகத் தெரியமாட்டார்.