சின்ன நிரலும் ஒரு ஸ்விட்சும்

தினமும் போற கடைக்காரர் நம்ம பையில சொத்தைக் கத்திரிக்காயைப் போட யோசிப்பார். நாளைக்கும் நாம வரணுமே! வழிப்போக்கன்னா அந்தக் கவலை இல்லை. இந்தச் சாதாரண விஷயம் கேம் தியரியில் பெரிய கணக்கு.

1950-ல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் மெரில் ஃபிளட், மெல்வின் ட்ரெஷர் இருவரும் ஒரு ஆட்டத்தை உருவாக்கினார்கள். அதே வருஷம் ஆல்பர்ட் டக்கர் அதுக்கு இரண்டு கைதிகள் கதையைக் கட்டிவிட்டார். ரெண்டு பேரும் வாயைத் திறக்கலைன்னா லேசான தண்டனை. ஆனா மத்தவன் என்ன செஞ்சாலும், காட்டிக்கொடுக்கிறவனுக்குத்தான் லாபம். ரெண்டு பேருமே அப்படி யோசிச்சா ரெண்டு பேருக்கும் நஷ்டம்.

சரி, இதையே திரும்பத் திரும்ப ஆடினா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆக்ஸல்ராட் கணினி நிரல்களை மோதவிட்டுப் பார்த்தார். 1980-ல் முடிவுகள் வெளிவந்தன. வந்த 14 நிரல்களில் ஜெயிச்சது இருக்கிறதிலேயே எளிமையானது, அனடோல் ராபபோர்ட் அனுப்பியது. முதல்ல ஒத்துழை, அப்புறம் எதிராளி போன தடவை செஞ்சதையே நீயும் செய். அவ்வளவுதான்! 62 நிரல்கள் மோதின அடுத்த போட்டியிலும் அதுவே முதலிடம்.

அப்ப செயற்கை நுண்ணறிவுக்கும் இதையே சொல்லிக்கொடுத்துடலாமே? இங்கதான் சிக்கல். அந்த ஆட்டத்தில் ஒழுங்கா நடந்துக்கக் காரணம், திருப்பி அடி விழும்கிற பயம். நம்மைவிடக் கெட்டிக்கார இயந்திரத்தை நாம எப்படித் திருப்பி அடிக்கிறது?

2016-ல் பெர்க்லியில் டிலன் ஹாட்ஃபீல்ட்-மெனெல், ஸ்டூவர்ட் ரஸல் குழுவினர் ஆட்டத்தையே மாத்தினாங்க. இயந்திரத்துக்குன்னு தனி லாபம் கிடையாது. மனுஷனோட லாபமே அதோட லாபம். ஆனா அது எதுன்னு அதுக்குத் தெரியாது. அவன் செய்றதைப் பார்த்துத்தான் ஊகிக்கணும்.

இதே குழு யோசிச்ச இன்னொண்ணு, ஸ்விட்ச் ஆட்டம். மனுஷன் அணைக்க வந்தா, 'நான் செய்யப்போறது அவருக்குக் கெடுதல் போலிருக்கே'ன்னு இயந்திரம் புரிஞ்சுக்கும். அணைக்க விடறதே அதோட கணக்குப்படி லாபம். பயமுறுத்தாமலே பணிய வைக்கிற வித்தை!

ஆனா ஒரு ஓட்டை இருக்கு. மனுஷனுக்கு என்ன வேணும்னு தனக்கு முழுசாத் தெரிஞ்சுபோச்சுன்னு இயந்திரம் நினைச்சுட்டா, ஸ்விட்சை விட்டுவைக்கக் காரணமே இல்லை. மனுஷன் தப்புத்தப்பா முடிவெடுக்கிற ஆளா இருந்தாலும் அதே கதிதான். அதுவும் நாம ஒரு ஆளா, கோடிக்கணக்கான பேர். யாரோட லாபத்தை அது ஊகிக்கிறது?

'எனக்கு எல்லாம் தெரியும்'கிற நினைப்புதான் ஆபத்து. மனுஷங்களுக்கு மட்டும் என்ன விதிவிலக்கா?