பெருக்கல் குறியும் குழூஉக்குறியும்

போன காலாண்டில் ஒரு நாள் மாலை நம் வாட்ஸ்அப் குழு அமளிப்பட்டது நினைவிருக்கும். ஏ பிளாக்கில் இரண்டு வீட்டு வாசல் ஓரத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டிருந்தது. "திருடர்கள் நோட்டம் பார்த்துப் போடும் ரகசியக் குறி இது" என்ற செய்தியை எங்கிருந்தோ எடுத்துக் குழுவில் போட்டவன் நான்தான்.

மறுநாள் காலை, பன்னிரண்டு வருடமாக இங்கே வரும் பழைய பேப்பர்காரரை கேட்டில் நிறுத்தி, சாக்கைக் கொட்டிப் பார்த்தார்கள். மதியம்தான் விஷயம் தெரிந்தது. அது போலியோ சொட்டு மருந்து ஊழியர்கள் போட்ட குறி. வீடு பூட்டியிருந்தாலோ, குழந்தை ஊரில் இல்லாவிட்டாலோ, மறுபடி வர வேண்டும் என்பதற்கான அடையாளம்.

வெட்கமாகத்தான் இருந்தது. அதன் பிறகு ரகசியக் குறி, ரகசியச் சொல் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அதில் சிலவற்றை இங்கே பகிர்கிறேன்.

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்கும் சொல்லுக்கு நம் இலக்கணத்தில் குழூஉக்குறி என்று பெயர். பள்ளியில் படித்திருப்போம். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதைச் சொல்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப் பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரையாசிரியர்கள் தரும் உதாரணங்கள். கள் உள்ளே போனால் சொல் வெளியே வரும், பெயர் பொருத்தம்தான்! இதில் நான் கவனித்தது ஒன்று. நன்னூல் இதை வைத்திருக்கும் இடம் 'தகுதி வழக்கு'. இடக்கரடக்கல், மங்கலம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில். திருட்டு என்ற பேச்சே அங்கில்லை.

திருடர்களுக்கும் தனிப் பேச்சு உண்டு என்பது உண்மையே. 1455-இல் பிரான்ஸின் திஜோன் நகரில் 'கொக்கியார்' என்ற கொள்ளைக் கூட்டத்தின் மீது வழக்கு நடந்தபோது, அவர்களுடைய சொற்களைப் பொருளோடு பட்டியலாகவே எழுதி வைத்தார்கள். ஆனால் 1851-இல் லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய ஹென்றி மேஹ்யூ காட்டும் தள்ளுவண்டி வியாபாரிகள் திருடர்கள் அல்ல. வாடிக்கையாளருக்கும் போலீஸுக்கும் புரியாதிருக்கச் சொற்களைத் தலைகீழாகத் திருப்பிப் பேசினார்கள். பையன் என்று பொருள்படும் 'பாய்' அப்படித் திரும்பி 'யாப்' ஆனது. இன்று அது ஆங்கில அகராதியிலேயே இருக்கிறது.

நம் நாட்டில் இந்த விஷயம் வேறு திசையில் போயிற்று. தக்கர்களை ஒடுக்கிய ஸ்லீமன், 1836-இல் அவர்களது 'ராமசீ' பேச்சின் சொற்தொகுப்பைக் கல்கத்தாவில் வெளியிட்டார். அது ஒரு குற்றக் கூட்டத்தைப் பிடிப்பதற்காக. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டமோ முழுச் சமூகங்களையே பிறப்பால் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். இங்கே 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும்தான் சட்டம் ஒழிந்தது. ஒருவன் என்ன செய்தான் என்று பார்க்காமல், எந்தக் கூட்டத்தான் என்று பார்த்ததன் விளைவு இது.

ரகசியக் குறி இல்லாத தொழில் எது? மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். நான் வேலை பார்த்த வங்கியில், தந்தி மூலம் பணம் அனுப்பும்போது தொகைக்கு, தேதிக்கு, கிளைக்கு என்று தனித்தனி ரகசிய எண்களைக் கூட்டி 'டெஸ்ட் நம்பர்' போடுவோம். அது பொருந்தாவிட்டால் பணம் நகராது. நகைக்கடன் கவுன்டரில் அப்ரைசர் ஒருமுறை "மச்சம் பார்க்கணும்" என்றதும், அடகு வைக்க வந்த அம்மாள், "என் வளையல்ல ஏதுங்க மச்சம்?" என்று பதறிவிட்டார். மாற்றுப் பார்க்க எடுக்கும் மாதிரிப் பொன்னுக்குத்தான் மச்சம் என்று பெயர். அன்று நாங்கள் சிரித்தோம். நமக்குப் புரியாத ஒரு குறியைப் பார்த்து நான் பதறியபோது, அவமானப்பட்டது வேறொருவர்.

பேப்பர்காரரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவாயில்ல சார், உங்களுக்கும் பயம்தானே" என்றார். அவர் வருவது மாதத்தின் முதல் ஞாயிறு. இனி கதவோரம் ஏதாவது குறியைப் பார்த்தால் முதலில் செக்யூரிட்டியிடமோ செயலாளரிடமோ கேட்போம். குழுவில் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். இது எனக்கும் சேர்த்தே சொல்வது.