திருகோணமலைக் கைப்பணிகள்

இலங்கையின் கீழைக்கரையில் இயற்கைத் துறைமுகத்தாற் பேர்பெற்ற திருகோணமலை மாவட்டத்திலே, பனையோலை, ஈர்க்கு, நார், பன்புல், மரம், சிப்பி முதலாய உள்ளூர்ப் பதார்த்தங்களைக் கொண்டு, பெரும்பாலும் வீட்டு முற்றத்தில் வைத்தே ஆக்கப்பெறும் பாவனைப் பொருள்களை இப்பெயர் குறிக்கும். சூழலுக்கு உகந்தவை என்னும் அடைமொழி விற்பனையாளர் இவற்றுக்கு அண்மையிற் சூட்டியது. மீன் சுமக்கவும், பிட்டு அவிக்கவும், நெல் புடைக்கவும் கருவி வேண்டியிருந்தமையே இவை தோன்றக் காரணம்.

இவற்றுள் முதன்மையானது பனையோலைப் பின்னல். யாழ்ப்பாணத்தைப் போலப் பனை இங்கே நாற்புறமும் அடர்ந்து நிற்பதில்லை. மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளி ஆகிய கரையோர மணற்பாங்குகளிலே தோப்புத் தோப்பாகக் காணப்படும். விரியாத குருத்தோலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, வேண்டிய அகலத்துக்கு வார்ந்து, சிலவற்றைச் சாயத்தில் அவித்தெடுத்து, பின்னுமுன் ஈரம் ஊட்டிப் பதப்படுத்துவர். காய்ந்த ஓலை விரலுக்கு இணங்காது. நுண்ணிய பெட்டிகளுக்குக் குருத்தோலையும், பாய், கடகம் ஆகியவற்றுக்கு முற்றிய சார்வோலையும் ஏற்றவை. கடகத்தின் விளிம்பை மட்டை நாரால் இறுகப் பொத்துதலே அதன் ஆயுளை நிர்ணயிக்கும். பின்னல் எத்துணை அழகாயிருப்பினும், பொத்து நெகிழ்ந்த கடகம் ஒரு போகத்துக்கும் நில்லாது. கூம்பு வடிவான நீத்துப்பெட்டி, மீனவர் மீன் கொண்டுசெல்லும் உமல், ஈர்க்கால் இயன்ற சுளகு, இடியப்பத்தட்டு என ஒவ்வொன்றும் அதனதன் தொழிலால் உருவம் பெற்றது. இப்பின்னலைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். மகள் தாயின் அருகிருந்தே கற்றுக்கொண்டமையால், இதற்கெனப் பாடசாலை வேண்டியிருக்கவில்லை. குளக்கரைப் பன்புல்லாற் பாய் இழைக்கும் தொழிலோ கிழக்கு மாகாணத்துத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டுக்கும் பொதுவான உடைமை.

மரத்தால் இவ்வூரின் கீர்த்தி கடல் கடந்தது. சவண்டலை என வழங்கும் மரம் இத்துறைமுகத்தினின்று சென்னைக்கு ஏற்றுமதியானமையால், அயல்நாட்டார் அதனைத் ‘திருகோணமலை மரம்’ என்றே அழைத்தனர். அலைமோதும் சென்னைக் கரையில் ஓடிய மசூலாப் படகுகளுக்கு அது உதவிற்று. 1659 ஆம் ஆண்டுப் புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, புதுப் பாய்மரம் நாட்டும் பொருட்டே இம்மாவட்டத்துக் கொட்டியாரக் குடாவை நாடி வந்தது. அதில் வந்து சிறைப்பட்ட ஆங்கில மாலுமி இறொபேட் நொக்சு, கண்டி இராச்சியத்திற் கழித்த நெடிய சிறைவாசத்தில் தொப்பி பின்னி விற்று ஜீவனம் செய்தான் என்பது, கைப்பணியைப் பற்றிய கட்டுரையில் விடுதற்கரிய செய்தியாகும்.

சிப்பியைப் பொறுத்தவரை, தம்பலகாமக் குடாவில் ‘பிளக்குனா பிளசென்டா’ என்னும் தட்டையான சிப்பி முன்னர் ஏராளமாகக் கிடைத்தது. ஒளி ஊடுருவும் அதன் ஓடு கோவா முதலிய இடங்களிற் சாளரக் கண்ணாடிக்குப் பதிலாயிற்று. அதனுள் விளைந்த சிறு முத்துக்கள், அணியத் தகுதியற்றனவாயினும், நீற்றி வெற்றிலைச் சுண்ணாம்பாக்குவதற்குச் செல்வரால் விரும்பப்பட்டன. கெலாட் என்னும் வைத்தியர் 1850களிலும், கடலுயிரியலாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இச்சிப்பியை ஆராய்ந்தனர்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையும் உள்நாட்டுப் போரும் இத்தொழில்களைப் பெரிதும் குலைத்தன. 2006 இற் சம்பூர்ப் பகுதியினின்று இடம்பெயர்ந்தோரிற் பலர் 2015 முதற்கொண்டே தம் காணிகளுக்கு மீண்டனர். இடைப்பட்ட காலத்தில் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓலையும் இல்லை, அதனை வெட்டும் தோப்பும் இல்லை. 1978 இல் நிறுவப்பெற்ற பனை அபிவிருத்திச் சபையும், 1982 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவையும் பயிற்சியும் சந்தையும் அளிக்க முயல்கின்றன. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்கு வரும் உல்லாசப் பயணிகளை நோக்கிக் கைப்பைகளும் அலங்காரப் பெட்டிகளும் இப்போது செய்யப்படுகின்றன. இவை கூடுதல் விலை பெறுகின்றன என்பது உண்மையே. எனினும் ஆண்டிற் சில மாதங்களே நீடிக்கும் பயணிகள் பருவத்தை நம்பிய தொழில், நாள்தோறும் பிட்டு அவிக்கும் அடுக்களையை நம்பிய தொழிலைப் போல நிலைபெறுமென எண்ணுதற்கில்லை.

அவ்வடுக்களைக்குத் திரும்பும் வாயிலைச் சட்டமே திறந்துள்ளது. உணவு சுற்றும் பொலித்தீன் தாள்கள் 2017 செப்ரெம்பரில் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் வந்த தடைப்பட்டியலில் பிளாஸ்ரிக் இடியப்பத்தட்டும் அடங்கும். ஈர்க்குத் தட்டைப் பின்ன அறிந்த முதியோர் இன்னும் உளர். ஆயின் குருத்து வெட்ட மரமேறுவார் அரிதாகி ஓலையை விலைகொடுத்து வாங்க நேரிடுவதும், ஒரு தட்டுக்குச் செல்லும் உழைப்பைச் சந்தை விலை ஈடுசெய்யாமையும், இளம்பெண்களைத் தையலுக்கும் கடைவேலைக்கும் வெளிநாட்டு வீட்டுப்பணிக்கும் திருப்பிவிடுகின்றன.