நிலாவில் கால் புதையுமா?

கடற்கரை மணல்ல பைக்குக்கு சைட் ஸ்டாண்ட் போட்டுட்டுப் போயிருக்கீங்களா? திரும்பி வந்து பார்த்தா வண்டி சாஞ்சு கிடக்கும். 1960-களில் நாசாக்காரர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கவலைதான். என்ன, அவங்க மணல் நிலாவுல இருந்தது!

கிளப்பி விட்டவர் தாமஸ் கோல்ட் என்ற வானியலாளர். நிலாவின் கருஞ்சமவெளிகளில் நுண்தூசி ரொம்ப ஆழமாகப் படிந்திருக்கலாம்னு 1955-ல் எழுதினார். அப்படின்னா இறங்குற கலம் ஆளோட சேர்ந்து உள்ளே போயிடுமே!

1966 பிப்ரவரியில் சோவியத்தின் லூனா 9 இறங்கியது, புதையவில்லை. ஆனா அது எடை குறைந்த ஒரு உருண்டை. காலூன்றி நிக்கிற கலம் என்னாகும்? ஜூன் 2-ந் தேதி அமெரிக்காவின் சர்வேயர் 1 அதற்குப் பதில் சொன்னது. சுமார் மூன்றரை மீட்டர் உயரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, மூணு காலோட தொப்புன்னு விழுந்தது. பாதங்கள் சில சென்டிமீட்டர்தான் அமுங்கின. அடி எவ்வளவு பலமா விழுந்ததுன்னு காலிலிருந்த அளவிகள் சொல்லின, கேமரா பாதத்தையே படம் பிடித்தது. அதாவது காலே மண்ணைச் சோதிக்கும் கருவியாயிடுச்சு.

எனக்குப் பிடிச்சது சர்வேயர் 3 தான். 1967 ஏப்ரல் 20 அன்று இறங்கும்போது எஞ்சின் நிக்கவே இல்லை. தரையைத் தொட்டுட்டு சுமார் 10 மீட்டர் எம்பியது, மறுபடி தொட்டு சுமார் 3 மீட்டர் எம்பியது, மூணாவது தடவைதான் அடங்கியது. கோளாறுதான், ஆனா ஒரே கலம் பல இடத்துல தடம் பதிச்ச மாதிரி ஆச்சு. மண் ஆராய்ச்சியாளர்களுக்கு லாட்டரி :-)

இந்த தைரியத்தில்தான் அப்பல்லோ போச்சு. அதன் கால்களுக்குள் நசுங்கக்கூடிய அலுமினியத் தேன்கூடு வச்சிருந்தாங்க. அதிர்ச்சியை அது வாங்கிக்கும். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் அவ்வளவு மெதுவா இறக்கியதில் அது சரியா நசுங்கவே இல்லை. அதனால ஏணியின் கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவுல பெரிய இடைவெளி, குதிச்சுத்தான் இறங்கணும். பாதங்கள் ஒன்றிரண்டு அங்குலமே அமுங்கியிருக்குன்னு அவரே ரேடியோவில் சொன்னார்.

அதே வருஷம் நவம்பரில் அப்பல்லோ 12-ன் கான்ராடும் பீனும் சர்வேயர் 3 வரைக்கும் நடந்தே போனாங்க. அது எம்பிக் குதிச்சு இரண்டரை வருஷத்துக்கு மேல ஆச்சு. பாதத் தடம் அப்படியே இருந்தது. போட்டோ எடுத்துட்டு வந்தாங்க.