சுரமும் கிருமியும்: கபசுரக் குடிநீர் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. நோய்க்காரணம் எதுவென அன்று மேலை மருத்துவமும் அறிந்திருக்கவில்லை. பேர்கன் நகரில் 1873இல் அர்மவுர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியையும், பெர்லினில் 1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியையும் கண்டறிந்தபின், ஒவ்வொரு தொற்றுக்கும் ஒரு கிருமியைத் தேடும் வழக்கம் வேரூன்றியது. அவ்வழியில் 1892இல் ரிச்சர்டு ஃபைபர் சுட்டிய பாக்டீரியமே இன்ஃபுளுவென்சாவுக்குக் காரணம் எனப் பலர் நம்பினர். உண்மைக் காரணமான வைரஸ் 1933இல்தான் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

சித்த மருத்துவம் நோயைக் கிருமியால் அன்றிக் குறிகுணங்களால் வகுத்தது. யூகிமுனி பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி சுரத்தை 64 வகையாகப் பகுக்கிறது. கபசுரம் அவற்றுள் ஒன்று. ஒரே வைரஸ் பல சுரங்களாகத் தோன்றலாம். ஒரே சுரத்துக்குப் பல கிருமிகள் காரணமாகலாம். ஆதலின் கபசுரமே இன்ஃபுளுவென்சா எனச் சமன் செய்வது பொருந்தாது.

1921இல் சென்னை அரசு அமைத்த உஸ்மான் குழு, நாட்டு மருத்துவத்தின் அறிவியல் தகுதியை ஆராய்ந்து 1923இல் அறிக்கை அளித்தது. அக்குழு எதிர்கொண்ட வினா இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. 2020இல் கோவிட் பரவியபோது, சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு உள்ளிட்ட 15 சரக்குகள் சேரும் கபசுரக் குடிநீரைத் தமிழ்நாடு அரசு மக்களுக்குப் பரவலாக வழங்கியது. நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு, ஆய்வகத்தில் இன்ஃபுளுவென்சா வைரஸின் பெருக்கத்தைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. எனினும் உயிரணுவில் கண்ட விளைவு நோயாளியிடம் கண்ட பயனாகிவிடாது.

இவ்வேறுபாட்டை அன்னாசிப்பூவின் வரலாறு தெளிவாக்கும். சிக்கிமிக் அமிலம் 1885இல் அதன் ஜப்பானிய இனத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சீன அன்னாசிப்பூவிலிருந்து பெற்ற அதே அமிலத்தை மூலப்பொருளாகக் கொண்டு உருவான ஒசெல்டாமிவிர், 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அவ்வமிலம் தானாக வைரஸைத் தடுப்பதில்லை. பல வேதிவினைப் படிகளும் மருத்துவச் சோதனைகளுமே அதனை மருந்தாக்கின.

தமிழியல் இங்கு ஆற்றத்தக்க பணி தனித்தன்மையது. வடமொழி நூல்கள் கூறும் கிராததிக்தம் இமயமலைச் செடி. அதனிடத்தில் நிலவேம்பும் வழங்கியதுண்டு. பெயர் மாறினால் சரக்கு மாறும். சரக்கு மாறினால் சோதனையின் முடிவும் மாறும். சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு, மூலிகைப் பெயர்களை உறுதிசெய்த பின்னரே ஆய்வகத்தின் விடைக்குப் பொருள் உண்டாகும். மரபின் பெருமையை அதன் தொன்மை மட்டுமே நிலைநாட்டிவிடாது. சோதனைக்கு உட்படும் துணிவும் வேண்டும்.