பட்டறை காத்த பந்தயக் கார்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை, சூளகிரிக்கு இப்புறமும் அப்புறமுமாகக் குன்றுகளினூடே வளைந்து, சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் 300 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. குளிர்சாதன வசதியுள்ள இக்காலத்து வாகனத்தில் அமர்ந்து பிரயாணம் செய்கிறவர் இந்த ஏற்றத்தை உணர்வதே இல்லை. ஆனால் வயது முதிர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சித்திரை வெயிலில் ஓட்டிச் செல்கிறவருக்கு இது ஒரு கடினமான பரீட்சை. ரேடியேட்டரில் வருஷக்கணக்கில் படிந்த உப்பும், வாட்டர் பம்ப்பில் தேய்ந்துபோன சீலும், இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தை நிறுத்திவிடும் கோளாறும், சமவெளியில் ஒளிந்திருந்துவிட்டு இந்த ஏற்றத்தில்தான் தம்மைக் காட்டிக்கொள்கின்றன.

வேகத்தைப் பேணிக் காப்பது இந்த நிலத்துக்குப் புதிய தொழில் அன்று. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824ஆம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் சேனைக்கு வேண்டிய குதிரைகளுக்காக ஒரு பண்ணையை ஸ்தாபித்தனர்; அது இன்றும் அரசாங்கக் கால்நடைப் பண்ணையாக நிலைத்திருக்கிறது. யந்திரத் தொழில் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்தே இங்கு வந்தது. அதற்குள் மோட்டார் கார், குறிப்பாக வேகத்துக்கென்றே செய்யப்பட்ட கார், தென்னாட்டில் ஒரு தனிச் சரித்திரத்தை அடைந்துவிட்டது.

சுதந்திரத்துக்கு முன்னும் அதை ஒட்டிய சில ஆண்டுகளிலும் வெளிநாட்டுக் கார்கள் தாராளமாக வந்திறங்கின. ஆனால் 1953இல் சுங்கவரிக் கமிஷன், உள்நாட்டிலேயே படிப்படியாகக் கார் உற்பத்தி செய்யும் திட்டமுள்ள கம்பெனிகளுக்கே இனி இடமுண்டு என்னும் கொள்கையைச் சிபாரிசு செய்யவே, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் தம் கூடங்களை மூடிக்கொண்டு போயின. அதன் பின்னர் எம்.ஜி., டிரயம்ப் போன்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இந்நாட்டுக்குள் வருவதென்றால், பெரும்பாலும் தூதராலயத்து உத்தியோகஸ்தர் ஒருவர் கொண்டுவந்து, திரும்பிச் செல்லும்போது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலமாக விற்றுவிட்டுப் போனால்தான் உண்டு. அப்படி வந்த காருக்கு உதிரிபாகம் எங்கிருந்து கிடைக்கும்? லண்டனுக்குக் கடிதம் எழுதலாம். அந்நியச் செலாவணிக்கு அனுமதி வேண்டும், லைசென்ஸ் வேண்டும், சுங்கம் கட்ட வேண்டும். ஒரு கேஸ்கட் வந்து சேர்வதற்குள் கார் மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றிருக்கும்.

இந்த நெருக்கடியிலிருந்து அக்கார்களை மீட்டது செல்வந்தர்களின் பணம் அன்று. சாமானியக் கார்களோடு அவற்றுக்கு இருந்த இரத்த சம்பந்தமே என்பது என் அபிப்பிராயம். 1955இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் இரட்டை இருக்கைக் காரின் 1,489 சி.சி. இன்ஜின் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, பி.எம்.சி. என்னும் பிரிட்டிஷ் கம்பெனியின் அதே குடும்பத்து இன்ஜினே, அதே கொள்ளளவில், சில ஆண்டுகளுக்குப் பின் நம் அம்பாசடரில் பொருத்தப்பட்டது. ஒன்றில் இரண்டு கார்புரேட்டர், மற்றதில் ஒன்று. கேம் ஷாஃப்டின் வடிவமும் அழுத்த விகிதமும் வேறு. ஆயினும் பேரிங், கேஸ்கட், வாட்டர் பம்ப் போன்ற பலவற்றில் உறவு நெருக்கமாகவே இருந்தது. ஆகவே, டாக்ஸி ஸ்டாண்டு அம்பாசடர்களுக்கு ஹெட் இறக்கிப் பழகிய மெக்கானிக், எம்.ஜி.ஏ. காரின் மூடியைத் திறந்தபோது அந்நியமான எதையும் காணவில்லை.

டிரயம்ப் கார்களின் கதையும் இத்தகையதே. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்துவந்த ஹெரால்டு, அடிச்சட்டத்தின் மேல் உடலைப் போல்ட் வைத்து முடுக்கிய கார். முன்மூடி முழுவதையும் முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறக்கலாம். மெக்கானிக் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை பார்க்கலாம். இந்த ஹெரால்டின் உறுப்புகளை ஆதாரமாகக் கொண்டே டிரயம்ப் கம்பெனியார் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைப் படைத்தனர். இரண்டுக்கும் பொதுவான ஒரு பலவீனமும் உண்டு. முன்சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான டிரனியன் என்னும் வெண்கல உறுப்புக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயிலே விட வேண்டும். இதை அறியாதவர் எல்லா இடத்துக்கும் அடிப்பது போல் கிரீஸ் அடித்துவிட, உள்ளே துரு ஏறி, ஒரு நாள் அந்த இடம் முறிந்து சக்கரம் மடிந்து விழும். கார் நம்பத்தகாதது என்ற அவப்பெயர் இப்படித்தான் பிறக்கிறது. பின்சக்கரங்களின் தனித்தனி அச்சமைப்பும் நம் சாலைப் பள்ளங்களுக்கு ஈடுகொடுக்கவில்லை; அதனால் சென்னைக் கம்பெனியாரே பிற்பாடு, 1972இல் வந்த கெஸல் என்னும் காரில் ஒரே உறுதியான அச்சை வைத்தனர். நம் நாட்டுச் சாலையே காரைத் திருத்தி எழுதிய விஷயம் இது.

மின்சார உறுப்புகளுக்கும் வழி பிறந்தது. பிரிட்டிஷ் கார்களின் டைனமோவும் ஸ்டார்ட்டரும் பெரும்பாலும் லூகாஸ் கம்பெனியின் செய்பொருள்கள். அந்த லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பாடியில் தொழிற்சாலை அமைத்தபின், ஆர்மெச்சரைப் பிரித்துச் சுற்றித் தரும் வைண்டிங் கடைக்காரர்கள் ஊருக்கு ஊர் தோன்றினார்கள்.

இந்தப் பயிற்சிக்கெல்லாம் ஒரு பெரிய பள்ளிக்கூடமாக விளங்கியது சோழவரம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சென்னைக்கு வடக்கே போடப்பட்டிருந்த விமான ஓடுதளத்தில், 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமையும்வரை அதுவே தென்னாட்டின் பந்தயக்களம். அங்கே ஹெரால்டும் ஃபியட்டும் இரவோடு இரவாக இன்ஜின் மாற்றப்பெற்று மறுநாள் ஓடின. பந்தயத்தில் உடைந்ததை மறுநாள் காலைக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற நிர்ப்பந்தம், உதிரிபாகம் இல்லாவிட்டால் செய்துகொள் என்னும் மனோபாவத்தை ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கு ஊட்டிவிட்டது.

ஓசூர் இந்தச் சரித்திரத்தில் நுழைவது 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பிறகு. 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் ஏறக்குறைய அக்காலத்திலேயே எழுந்தது. 1987இல் டைட்டன் கடிகாரம் வந்தது. பெரிய தொழிற்சாலைகள் வந்தால் அவற்றுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் பல்சக்கரமும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைப்பது இயல்பு. சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால், எல்லையைத் தாண்டிய பெங்களூரில், 1953இல் பிறந்த எச்.எம்.டி. லேத் இயந்திரங்களைச் செய்து கொடுத்தது, ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக நின்றன. 2017இல் ஜி.எஸ்.டி. வரும்வரை அத்திப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் சோதனைச் சாவடிகளின் முன் லாரிகள் காத்துக் கிடந்ததை அறிந்தவர்களுக்கு, ஒரு பிஸ்டன் செட் அந்த எல்லையைத் தாண்டி வருவதும் ஒரு விவகாரமாக இருந்தது நினைவிருக்கும்.

பழைய காரின் சொந்தக்காரர் மாதிரி உறுப்பைக் கையில் கொண்டுபோய் இத்தகைய பட்டறையில் கொடுக்கிறபோது என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் பில் தொகையின் நியாயம் அதில்தான் அடங்கியிருக்கிறது. மெட்ரிக் அளவில் திருகு வெட்டும் லேத்தில் பழைய பிரிட்டிஷ் அங்குலத் திருகை வெட்ட வேண்டுமானால், 127 பல் கொண்ட சக்கரம் ஒன்றைத் தேடி மாட்ட வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டராதலின், அதை ஐந்தால் பெருக்கினால்தான் 127 என்ற முழு எண் கிடைக்கிறது. இயந்திரத்தை இவ்வாறு மாற்றி அமைப்பதற்கே அரை நாள் ஆகும். ஆயிரம் உறுப்புகளை ஒரே அச்சாகச் செய்யும்போது இந்த அரை நாள் ஆயிரமாகப் பங்கிடப்படுகிறது. ஒரே ஒரு புஷ்ஷுக்கு அது முழுவதும் அந்த ஒன்றின் தலையிலேயே விழுகிறது. தேய்ந்த மாதிரியை அளந்து, தேயாதபோது அது என்ன அளவு இருந்திருக்கும் என்று ஊகிக்கும் அறிவுக்கோ பில்லில் தனி வரி கிடையாது. ஆகையால் பழைய காருக்குச் செலவு அதிகம் என்று சலித்துக்கொள்கிறவர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டாயினும், அந்தத் தொகை அநியாயம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எரிபொருளின் மாற்றமும் புதிய செலவுகளைக் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. பொதுஜன ஆரோக்கியத்துக்கு இது மிகவும் நல்லதே. ஆனால் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வால்வு இருக்கையைக் கடைந்திருந்த பழைய இன்ஜின்களில் அந்த ஈயமே தேய்மானத்தைத் தடுத்துவந்தபடியால், கடினமான உலோக வளையங்களைப் புதிதாக இறுக்கி வைக்க நேர்ந்தது. இப்போது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கிறது, பழைய ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் இளக்குகிறது. எரிபொருள் தொடும் ரப்பரை எல்லாம் மாற்றாமல் சூளகிரி ஏற்றத்தில் கார் ஓட்டுவது விபத்தை வலிய அழைப்பதாகும்.

உறவில்லாத கார்களின் நிலைதான் பரிதாபம். 1990களின் இறுதியில் நம் நாட்டிலேயே கட்டப்பட்டு வெளிவந்த சான் ஸ்டார்ம் என்னும் இரட்டை இருக்கைக் கார், துருப்பிடிக்காத ஃபைபர் உடல் கொண்டது. ஆனால் அதன் ரெனோ இன்ஜினுக்கு அன்றைய இந்தியச் சாலைகளில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரன்கூட இல்லை. வயதில் மிக மூத்த எம்.ஜி.ஏ. காருக்குக் கிடைத்த அம்பாசடர் உதவி, இளையதான இதற்குக் கிட்டவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியை நம்பி ஓடும் இறக்குமதிக் கார்களின் கதி இன்னும் சிக்கலானது. பழுதான மின்னணுப் பலகையை எந்த லேத்தும் கடைந்து தராது.

2021இல் மத்திய அரசாங்கம் 50 வயது கடந்த கார்களுக்கென்று தனி விதிகளை வகுத்து, எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகளை வழங்கியது. கண்காட்சி, ஊர்வலம் ஆகிய காரணங்களோடு, பெட்ரோல் போடவும் பராமரிப்பு வேலைக்கும் இக்கார்கள் சாலைக்கு வரலாம் என்று அவ்விதி சொல்கிறது. பட்டறைக்குப் போகும் பிரயாணத்தைச் சட்டமே அங்கீகரித்திருப்பது எனக்கு மிக்க மகிழ்ச்சி அளித்தது. அந்தப் பட்டறையில் ஆள் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. ஐ.டி.ஐ. முடித்துவரும் இளைஞர்களைத் தொழிற்சாலைகள் நல்ல சம்பளத்தில் எடுத்துக்கொள்கின்றன, அது அவர்களுக்கு நன்மையே. இந்தக் காரின் டிரனியனுக்கு இந்த ஆயில், அந்த பேரிங்குக்கு அம்பாசடரில் இந்த எண் என்று மனப்பாடமாக வைத்திருக்கும் முதிய மெக்கானிக்குகள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள பழங்கார்ச் சங்கத்தார், வருஷம் ஒரு ஊர்வலத்தைக் குறைத்துக்கொண்டாவது, அவர்களருகே உட்கார்ந்து, உரிய சன்மானமும் கொடுத்து, அந்த அளவுகளை எல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.