கொழுந்தும் கடிகாரமும்

தேயிலைக் கொழுந்து பறித்த கணத்திலிருந்தே மாறத் தொடங்குகிறது. நெல்லை மூட்டையிற் கட்டி மாதக்கணக்கில் அடுக்கி வைக்கலாம். கொப்பறாவை நல்ல விலை வரும்வரை காவல் காக்கலாம். கொழுந்துக்கு அந்த ஆறுதல் கிடையாது. சாக்கில் அமுக்கி அடைத்தால் அது சூடேறிச் சிவந்துவிடும். பின்னர் எத்தகைய இயந்திரமும் அதை நல்ல தேயிலையாக்க இயலாது. எனவே பறித்த அன்றே அது ஆலையின் வாட்டுந் தட்டுக்குச் சென்றாக வேண்டும். மலைநாட்டின் சரித்திரத்தை எழுதுவோர் ஆளுநர்களின் பெயர்களிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் இந்த வாடும் இலையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

தேயிலைக்கு முன் அம்மலைகளிற் கோப்பி இருந்தது. கோப்பிப் பழத்தின் சதையைத் தோட்டத்திலேயே நீக்கி, கொட்டையை ஓரளவு உலர்த்தி, மாட்டுவண்டியிற் கொழும்புக்கு அனுப்புவார்கள். எஞ்சிய வேலைகள் கொழும்புப் பண்டகசாலைகளில் நடைபெறும். அறுவடை ஆண்டில் சில மாதங்களுக்குரியது. ஆகவே தோட்டத்துரைக்கு வேண்டியிருந்தது பருவகாலத் தொழிலாளியே. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தவர்களிற் பலர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தனர். பிழைத்தோர் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினர்.

1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867 இல், ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டிருந்தார். அவருடைய முதல் ஆலை அவருடைய பங்களாவின் விறாந்தைதான். மேசைமீது இலையைப் பரப்பிக் கையாலே உருட்டினார்கள். 1873 இல் இலண்டனுக்குச் சென்ற அவரது தேயிலை 23 இறாத்தல். விறாந்தை நெடுநாள் நிலைக்கவில்லை. ஜாக்சனின் உருட்டும் இயந்திரம் வந்தது; பெல்பாஸ்ற் நகரத்து டேவிட்சன் அமைத்த 'சிறொக்கோ' உலர்த்தியும் வந்தது. கண்டிவரை 1867 இல் எட்டிய புகைவண்டிப்பாதை 1885 இல் நானுஓயாவுக்கு ஏறிற்று. 1883 இல் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியது. செடி, ஆலை, புகைவண்டி, ஏலம், கப்பல் ஆகியன ஒரே சங்கிலியாயின.

இந்தச் சங்கிலியின் கணக்கை எவரும் மெச்சாமல் இருக்கமுடியாது. நானும் மெச்சுகிறேன். ஒரு மலையிற் பறித்தால் ஏறத்தாழ ஏழிலிருந்து பத்து நாட்களுக்குள் அதே மலைக்குத் திரும்பவேண்டும். பிந்தினால் இலை முற்றிவிடும். கொழுந்து தட்டிலே பன்னிரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வாடவேண்டும். ஆகையினால் இன்று பகலிற் பறித்தது இரவிலோ விடியற்புறத்திலோ உருட்டப்படும். சிறிது நேரம் புளிக்கவிட்டு, தக்க நிறம் வந்ததும் சூளையிலிட்டு உலர்த்தப்படும். ஏறத்தாழ நாலரை இறாத்தல் கொழுந்து ஓர் இறாத்தல் தேயிலையாகும். எத்தனை பேரை எந்த மலைக்கு அனுப்புவது, எத்தனை தட்டுக்களை ஒழித்து வைப்பது என்பவற்றையெல்லாம் காலைப் பெரட்டிலே தீர்மானிக்க வேண்டும்.

இத்தகைய ஆலைக்குப் பருவகாலத் தொழிலாளி போதாது. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதைப் பறிப்பதற்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். அதுவும் ஆலைக்கு அண்மையில், விடிகாலைத் தப்பொலி கேட்கும் தூரத்தில் வேண்டும். லயம் நிலைத்தது இதனாலேதான். கோப்பி காலத்தில் வந்து போனவன் தேயிலை காலத்தில் மனைவி மக்களோடு குடியேறினான். தொழிலாளியை வழங்குவதற்கும் ஒரு சங்கிலி அமைந்தது. கங்காணி ஊரிலே முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினான். மண்டபம் முகாமில் அவர்களைச் சோதித்து அனுப்பினார்கள். தோட்டம் அரிசி கொடுத்துச் சம்பளத்திற் கழித்தது. கடனைக் குறித்த 'துண்டு' இல்லாதவனை வேறு தோட்டம் ஏற்கவில்லை. துண்டோடு போனால் புதிய தோட்டம் அக்கடனை ஏற்க வேண்டும். 1921 இற்றான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது.

1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்தார். பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான மளிகைக்கடைகளை நடத்திய அவர் அப்புத்தளைப் பக்கத்திலே தோட்டங்களை வாங்கினார். செடி முதல் கடைவரை ஒரே கையில் என்பது அவருடைய விளம்பரம். இடைத்தரகரின் இலாபத்தை நீக்கி, அளவிட்ட பொட்டலங்களில் அவர் விற்ற தேயிலை பிரித்தானியத் தொழிலாளியின் மேசைக்கும் மலிவாகச் சென்றது. விளம்பரம் முழு உண்மையன்று. அவர் விற்ற தேயிலையில் ஒரு சிறு பங்கே அவருடைய தோட்டங்களில் விளைந்தது. பெரும்பகுதி சந்தையில் வாங்கியதே. ஆயினும் ஒருண்மையை அவர் பிறரைவிடத் தெளிவாகக் கண்டார்: மலையிலுள்ளவனைவிடக் கடையிலுள்ளவனே விலையை அறிந்தவன், விலையை அறிந்தவனே திட்டமிடக்கூடியவன்.

மலையிலுள்ளவளோ வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மழை பெய்தாற் கொழுந்து பொங்கும். வரட்சியில் வேலைநாள் சுருங்கும். உலகச் சந்தை சரிந்தாலும் அப்படியே. 1930களின் மந்தத்தில் விலை வீழ்ந்தபோது, இந்தியாவும் இலங்கையும் டச்சுக் கிழக்கிந்தியாவும் 1933 இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொரு நாடும் தனக்குரிய அளவுக்குமேல் ஏற்றுமதி செய்வதில்லை. முதலாண்டில் அது அடிப்படை அளவின் 85 வீதம். மூன்று நாடுகளின் உற்பத்தியை ஒரே மேசையில் வகுத்த அத்திட்டம் விலையைத் தாங்கிநின்றது. ஆனால் மந்த ஆண்டுகளில் தோட்டச் சம்பளம் குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இயந்திரத்தை நிறுத்தினால் துருப்பிடிக்கும், செடியைக் கவ்வாத்துச் செய்து வைக்கலாம், மனிதரைக் கப்பலேற்றலாம்.

பல்கலைக்கழகத்திலே தமிழ் படித்த ஆண்டுகளில் குறிஞ்சித் திணையின் முதற்பொருளையும் கருப்பொருளையும் பற்றி எவ்வளவோ கேட்டேன். மலையிலே கொழுந்து நிறுப்பதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை. அதனை எனக்குக் கற்பித்தவர்கள் எனது மாணவர்கள். கணித ஆசிரியர் வராத ஒருநாள் எட்டாம் வகுப்புக்குப் போனேன். "ஒருத்தி காலையில் 7 கிலோ, பகலில் 6 கிலோ, மாலையில் 5 கிலோ பறித்தாள். மொத்தம் எவ்வளவு?" என்று கரும்பலகையில் எழுதினேன். முன்வாங்கில் இருந்த சிறுமி எழுந்து, "சேர், ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறது?" என்றாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. குறித்த எடைக்கு ஒரு கிலோ குறைந்தால் 'அரைப்பேர்' என்பதை அவர்கள் அனைவரும் வீட்டிலே கற்றிருந்தார்கள். மழை நாளில் ஈரத்தைக் கழிப்பது நியாயமே என்று சிலர் கூறுவர். எவ்வளவு என்பதை எவர் தீர்மானிப்பது, அது எந்தப் புத்தகத்தில் எழுதப்படுகிறது என்பதுதான் அச்சிறுமியின் கேள்வி.

பின்னர் வந்த மாற்றங்களை வாசகர் அறிவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்தச் சங்கிலியின் அடியில் நின்ற இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. அவர்கள் பறித்த கொழுந்தோ இலங்கைத் தேயிலையென்றே உலகெங்கும் சென்றது. 1972 இலும் 1975 இலும் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுக்குரியவையாக்கியது. 1992 இல் நிருவாகம் மீண்டும் கொம்பனிகளின் கைக்கு வந்தது. 1998 இல் இலண்டன் ஏலம் முடிவுற்றது. கொழும்பு ஏலம் நிலைத்தது.

இன்று இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதியைத் தருவோர் சிறுதோட்டக்காரர். அவர்களுக்குச் சொந்த ஆலை இல்லை. பறித்த கொழுந்தை வீதியோரத்தில் வைத்துக்கொண்டு லொறிக்குக் காத்திருக்கிறார்கள். லொறி பிந்தினால் இலை சிவக்கிறது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளிற் தடைசெய்யப்பட்டபோது, திட்டமிட்டவர்கள் செடியைக் கேட்கவில்லை. 2022 இல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. கொழுந்துக்குரிய விலை, தேயிலை ஏலத்தில் விற்ற பின்னரே, விற்பனையில் 68 பங்கு கொழுந்து தந்தவருக்கும் 32 பங்கு ஆலைக்கும் என்ற வாய்ப்பாட்டின்படி கணிக்கப்படுகிறது. உரக்கடைக்காரரும் பறிக்கும் பெண்ணும் அதுவரை பொறுப்பதில்லை. தன் கொழுந்தின் விலை என்னவென்று அவர் அறியும்போது அது கப்பலேறியிருக்கும்.